கொள்ளு மிதித்த சைக்கிள்கள்

சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் எனக்கு மூக்கின் மேல் கோபம் வரும். நான் திருப்பதியில் ஒரு ஜூனியர் காலேஜில் வேலை பார்க்கிறேன். அந்த வாரம் பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, உறுதிமொழி எடுக்க வைப்போம். கையை நீட்டி முடித்த அதே பிள்ளைகள் கேட்டைத் தாண்டியதும் ஒரே ஸ்கூட்டரில் மூன்று பேராக ஏறுவார்கள். மலைக்குப் போகிற பஸ்ஸுக்கும் டிவைடருக்கும் நடுவில் புகுந்து பறப்பார்கள். ஸ்கூட்டர் என்றால் முகமெல்லாம் பல், ஹெல்மெட் என்றால் தலைவலி. கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் வாயை மூடுமாம் குதிரை.

போன தடவை பிரின்சிபால் என்னையே பேசச் சொல்லிவிட்டார். இளைஞர்களும் சுற்றுச்சூழலுக்கு உகந்த போக்குவரத்தும் என்பது தலைப்பு. தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் முதல் வரிசைப் பையன் கொட்டாவி விட்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, எனக்கே வந்தது. எழுதிக்கொண்டுபோன காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, எங்கள் ஊரில் கொள்ளு அடித்த கதையை ஆரம்பித்தேன். பாதியில் மணி அடித்துவிட்டார்கள். இங்கே மணி அடிக்க யாருமில்லை, முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் வெதுருகுப்பம் பக்கம். நான் பத்தாவது முடித்தபோது ஊரே மூட்டை கட்டிக்கொண்டிருந்தது. பெங்களூரில் புதிது புதிதாகக் கம்பெனி திறக்கிறார்கள், ஆள் வேண்டுமாம் என்று சேதி வரும். மறுநாள் தெருவில் ரெண்டு பையன்கள் குறைந்திருப்பார்கள். சிலர் சென்னைக்குப் போனார்கள், கெட்டிக்காரர்கள் குவைத்துக்குப் போனார்கள். என் அண்ணன் பெங்களூரில் தையல் கம்பெனியில் சேர்ந்தான். அந்த வருடம்தான் எங்கள் ஊர் ரோட்டை அகலப்படுத்திப் புதுசாகத் தார் போட்டார்கள். ரோடு போட்டது ஊருக்கு வருகிறவர்களுக்காக இல்லை, ஊரை விட்டுப் போகிறவர்களுக்காக என்று அம்மா சொல்வாள்.

எனக்குக் கார்வேட்டிநகரம் ஜூனியர் காலேஜில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்தது, போக வழிதான் கிடைக்கவில்லை. காலையில் வருகிற பஸ் எங்கள் ஊருக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். டிரைவர் எங்களைப் பார்த்ததும் தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஷேர் ஜீப் ஒன்று ஓடியது. அதில் உள்ளே இருப்பவர்களைவிட வெளியே தொங்குகிறவர்கள் அதிகம். அதில் பெண்பிள்ளையை அனுப்ப யாருக்கும் மனசு வரவில்லை.

அண்ணன் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, பெங்களூர் பஸ்ஸின் கூரையில் கட்டி அனுப்பினான். நடுவில் பார் வைத்த ஆம்பளை சைக்கிள். அதில் சுடிதாரோடு ஏறுவதற்கு ஒரு தனி வித்தை வேண்டும். வாசலில் இருந்த கல்லின் மேல் ஏறி நின்று, காலைத் தூக்கிப் போட்டு, கடவுளே என்று மிதிக்க வேண்டும். இறங்குவதற்கு இன்னொரு கல்லைத் தேட வேண்டும். ஒரு மாதத்தில் கல் இல்லாமலே ஏறி இறங்கக் கற்றுக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க என் முழங்காலைப் பார்த்தவர்கள் இவள் படிக்கப் போகிறாளா, சண்டைக்குப் போகிறாளா என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி என் கூட்டாளி. அவர்கள் பழைய மிஷன் சர்ச்சைச் சேர்ந்த குடும்பம், அவளுடைய அப்பாதான் சர்ச்சில் மணி அடிப்பவர். அவளிடமும் ஒரு சைக்கிள் இருந்தது. வழியில் இன்னும் ரெண்டு பேர் சேர்ந்துகொள்வார்கள். குப்பம் பக்கத்திலிருந்து கிரானைட் கல் ஏற்றிய லாரிகள் அந்த ரோட்டில் வரும். புது ரோடு என்பதால் அவற்றுக்கு ஒரே குஷி. அதனால் நாங்களே சட்டம் போட்டுக்கொண்டோம். ஒருவர் பின்னால் ஒருவர்தான் போக வேண்டும். கடைசியில் வருகிறவள் காதைத் தீட்டிக்கொண்டு வந்து, லாரிச் சத்தம் கேட்டதும் "வண்டி" என்று கத்த வேண்டும். கத்தியதும் எல்லோரும் மண்ணில் இறங்கிவிட வேண்டும். எங்களுக்கு யாரும் உறுதிமொழி எடுக்க வைக்கவில்லை. உயிர் மேல் ஆசை இருந்தது, அது போதுமாயிருந்தது.

காலை வெயிலில் மாந்தோப்பு ஓரமாக நாலு பேரும் பெல் அடித்துக்கொண்டு போவோம். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. யார் தயவும் இல்லை, யார் தலையைத் திருப்பிக்கொண்டாலும் கவலை இல்லை. இறக்கத்தில் காலைத் தூக்கிக்கொண்டு விட்டால் துப்பட்டா பின்னால் பறக்கும். அது செயினில் மாட்டிக்கொள்ளுமே என்று இடுப்பில் முடிந்துகொள்ள அம்மா ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். முடிந்துகொள்வோம், இறக்கம் வரும்போது மட்டும் அவிழ்த்துவிடுவோம்.

இனி கொள்ளு. எங்கள் பக்கம் ரோடு வந்த நாளிலிருந்து ஒரு வழக்கம் உண்டு. அறுத்துக் காய்ந்த கொள்ளுச் செடியைக் கொண்டுவந்து தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன் மேல் ஏறி ஏறிப் போக, காய் உடைந்து கொள்ளு உதிரும். சாயங்காலம் குச்சியால் புரட்டிவிட்டு, பெருக்கி அள்ளி, தூற்றி எடுத்துக்கொள்வார்கள். மாடு வேண்டாம், ஆள் வேண்டாம், அடிக்கிற வேலையெல்லாம் ஊர்பேர் தெரியாத லாரிக்காரன் பார்த்துக்கொள்வான். அவரவர் பரப்பிய இடத்துக்கு ரெண்டு முனையிலும் பெரிய கல் வைத்துவிடுவார்கள். கவர்ன்மெண்ட் ரோட்டில் அவரவருக்குப் பட்டா கொடுத்தது மாதிரி அதற்கு எல்லைச் சண்டை வேறு நடக்கும்.

அந்த வருடம் நைனாவும், அதாவது என் அப்பாவும், கல் வைத்தார். அது சின்ன விஷயமில்லை. நைனாவுக்கு அதுவரை நிலம் கிடையாது. அடுத்தவர் களத்தில் அடுத்தவர் கொள்ளை மிதித்துக் கூலி வாங்கியவர் அவர். மலையடிவாரத்தில் அரசாங்கம் கொடுத்த பட்டா நிலத்தில் கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி, முதல் தடவையாக அவர் பேருக்கு ஒரு விளைச்சல் வந்திருந்தது. ஊரில் களம் இருந்தது, பெரிய தெருக்காரர்களுடையது. கேட்டால் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், எங்களுது முடியட்டும் என்பார்கள். அது எந்தக் காலத்திலும் முடியாது. ரோடு மட்டும்தான் யாருடைய அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. நைனா அதில் தன் கொள்ளைப் பரப்பிவிட்டு, ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு லாரியும் ஏறிப் போவதைக் கல்யாண ஊர்வலம் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது நடந்தது. காலேஜ் விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். கொள்ளு பரப்பிய இடம் வந்தால் நாங்கள் வழக்கமாக இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவோம். அன்றைக்கு என் கூட்டாளி முன்னால் போய்க்கொண்டிருந்தாள், பின்னால் லாரி வந்தது, கடைசியில் இருந்தவள் "வண்டி" என்று கத்தினாள். மண்ணில் இறங்கலாம் என்றால் அங்கே அள்ளி வைத்த கொள்ளுக் குவியல். அவள் கொள்ளின் மேலேயே விட்டாள். உருண்டை உருண்டையான கொள்ளின் மேல் சக்கரம் நிற்குமா? வழுக்கிக்கொண்டு போய் நடு ரோட்டில் விழுந்தாள். லாரி பிரேக் போட்டது. லாரியும் அதே கொள்ளின் மேல் கொஞ்ச தூரம் சறுக்கி வந்துதான் நின்றது.

அவளுக்கும் லாரிக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான் இருந்தது. லாரிக்காரர் இறங்கி வந்து தெலுங்கில் எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினார். நைனா ஓடிவந்து அவளைத் தூக்கினார். செயினில் சுற்றியிருந்த கொள்ளுக் கொடியை உருவி எடுத்தார். அது எங்கள் கொள்ளு. அந்த இடத்தின் ரெண்டு முனையிலும் நைனா வைத்த கல்தான் இருந்தது.

கூட்டாளிக்குக் கை சுளுக்கியது, முழங்கை தேய்ந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்று சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், நாளையிலிருந்து சைக்கிள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கூட வந்த ரெண்டு பேர் வீட்டிலும் அதே தீர்ப்பு. சைக்கிள் இல்லை என்றால் காலேஜ் இல்லை. காலேஜ் இல்லாத பெண்ணுக்கு அடுத்து என்ன என்று எங்கள் தெருவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். அத்தை வீட்டிலிருந்து வெற்றிலை பாக்கோடு வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அத்தை மகன் நல்லவன்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் எனக்குப் பதினாறு வயது, கெமிஸ்ட்ரி பிடித்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் சாம்பார்ப் பாத்திரமே கொதித்திருக்கும். "கொள்ளு ரோட்ல இருக்கலாம், நான் இருக்கக் கூடாதா நைனா?" என்று கேட்டேன்.

"கொள்ள எங்க போடச் சொல்ற? எந்தலமேலயா?" என்றார் அவர்.

அவர் கேட்டதும் நியாயம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அவருக்கு ரோட்டை விட்டால் வேறு இடம் இல்லை, எனக்கும் ரோட்டை விட்டால் வேறு வழி இல்லை. ரெண்டு பேரும் ஒரே ரோட்டைக் கேட்டுக்கொண்டு ஒரே வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தோம்.

பேச்சு நின்றுபோயிற்று. நைனாவிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் நான் வாசலில் கட்டியிருந்த ஆட்டிடம் சொன்னேன். உனக்கென்ன ஆடே, உன்னை யார் வீட்டிலேயே கிட என்று சொன்னார்கள், நீ காலையில் எழுந்து மேயப் போகிறாய் என்பேன். நைனாவும் விடவில்லை. உயிரோடு இருந்தால்தானே மேய முடியும், அதைக் கேளு ஆடே என்பார். அம்மா நடுவில் புகுந்து, ரெண்டு பேரும் ஆட்டோடவே குடும்பம் நடத்துங்கள் என்று தட்டை வைத்துவிட்டுப் போவாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பி ஆட்டுக்குத்தான் கழுத்து வலித்திருக்கும்.

பொங்கல் முடிந்து கூட்டாளியைப் பார்க்கப் போனேன். கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு ஜாலியாக இருந்தாள். "கைதான சுளுக்கிக்கிச்சி, மிதிக்கிற காலு நல்லாத்தான் கீது" என்றாள். அவள் வீடு சர்ச்சை ஒட்டி. சர்ச்சுக்கு முன்னால் பெரிய சிமெண்ட் தரை ஒன்று இருந்தது. குவைத்துக்குப் போன ஒருவர் கிறிஸ்துமஸுக்குள் முடிக்க வேண்டும் என்று பணம் அனுப்பிப் போட வைத்தது. எங்கள் ஊரிலேயே வழுவழுவென்று இருந்த ஒரே தரை அதுதான். குழந்தைகள் வாடகை சைக்கிளில் அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் கூட்டாளியின் அம்மா வேலியோரம் விளைந்த கொஞ்சம் கொள்ளைக் காயப்போட்டிருந்தாள். ஒரு குட்டிப் பையன் திரும்பத் தெரியாமல் சைக்கிளை நேராக அதன் மேல் விட்டான். அவள் விளக்குமாற்றோடு துரத்தினாள், அவன் பயத்தில் இன்னொரு தடவை அதன் மேலேயே ஏறித் தப்பித்தான்.

நான் போய்ப் பார்த்தேன். சக்கரம் போன தடத்தில் காய்களெல்லாம் வெடித்து, கொள்ளு முத்து முத்தாகக் கிடந்தது. ஒன்றுகூட நசுங்கவில்லை. நானும் கூட்டாளியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அவளுடைய அம்மா இன்னும் அந்தப் பையனின் அப்பா பேரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள்.

முதலில் பாஸ்டர் ஐயாவிடம் போனோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, லாரி ஏதும் உள்ளே வருமா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வராது என்றோம். அப்படியானால் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் சுத்தமாகப் பெருக்கிக் கொடுத்துவிட வேண்டும், சபைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழுந்தால் ஆண்டவர் என்னைத்தான் கேட்பார் என்றார். அவ்வளவு சுலபமாக அது முடியும் என்று நான் நினைக்கவே இல்லை. கஷ்டமானது வீட்டில் காத்திருந்தது.

அன்று சாயங்காலம் நைனா வந்ததும் ஆட்டின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சர்ச்சு முன்னால் சிமெண்ட் தரை இருக்கிறது, கொள்ளை அங்கே போடலாம், பாஸ்டர் சரி என்று சொல்லிவிட்டார் என்று ஆட்டுக்கு விளக்கமாகச் சொன்னேன்.

நைனாவும் ஆட்டைப் பார்த்தே சொன்னார். "ரோட்ல போட்டா லாரி ஏறும். அங்க எவன் ஏறுவான்னு கேளு."

எனக்கு ஆடு மறந்துபோயிற்று. "நாங்க ஏறுவோம் நைனா. சைக்கிள்ல" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். எத்தனையோ நாளைக்கு அப்புறம் சிரித்தார், அதுவும் என்னைக் கேலி செய்து. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு, சைக்கிளுக்கு எந்த ஊரில் கொள்ளு கொடுத்தார்கள் என்றார். இருந்தாலும் அவருக்கும் மனசு ஆறவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த லாரி சறுக்கிய சத்தம் அவர் காதிலும்தான் இருந்தது. ரோட்டில் வைத்த கல்லை அவர் எடுத்து ஓரமாகப் போட்டிருந்ததை நான் பார்த்திருந்தேன். ஒரே ஒரு கட்டு எடுத்துக்கொண்டு போங்கள், உங்கள் வித்தையைப் பார்க்கலாம் என்றார்.

சனிக்கிழமை காலையில் கட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு போய் வட்டமாகப் பரப்பினோம். வேடிக்கை பார்க்க ரெண்டு தெருவும் வந்துவிட்டது. என்னோடு காலேஜ் வரும் ரெண்டு பெண்கள் வந்தார்கள். வாடகை சைக்கிள் பையன்கள் வந்தார்கள். பொங்கல் லீவில் வந்திருந்த அண்ணன், யாரிடமோ இரவல் வாங்கிய மோட்டார் பைக்கில் கூலிங் கிளாஸோடு வந்து இறங்கினான். நீங்களெல்லாம் தள்ளுங்கள், நான் ரெண்டே ரவுண்டில் முடித்துக் காட்டுகிறேன் என்று வண்டியை முறுக்கினான். கொள்ளு நாலா பக்கமும் தெறித்தது. சைலன்சர் புகையில் சர்ச்சு கதவே தெரியவில்லை. பெங்களூருக்குப் போய் இதைத்தான் கற்றுக்கொண்டு வந்தாயா என்று அம்மா அவனைத் துரத்த, அவன் பைக்கை வெளியே நிறுத்திவிட்டு, ஒரு பையனிடம் கெஞ்சி வாடகை சைக்கிள் வாங்கிக்கொண்டு வந்தான். முழங்கால் காதைத் தொட்டது.

நாங்கள் சுற்ற ஆரம்பித்தோம். ஒரு சுற்று, ரெண்டு சுற்று, பத்து சுற்று. கொடி படுத்ததே தவிர, காய் பெரிதாக உடையவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் வெடித்தது. வேலியோரக் கொள்ளு நன்றாகக் காய்ந்திருந்தது, எங்களுடையதில் இன்னும் கொஞ்சம் ஈரம் இருந்தது. நைனா ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். சொன்னேன் அல்லவா என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. இது நடக்கவில்லை என்றால் திங்கட்கிழமை நான் வீட்டில்தான் என்று மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் தோன்றியது.

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், நிறுத்தாதே மிதி என்று அம்மா ஓரத்திலிருந்து கத்தினாள். கூட்டாளிதான் சரியாகச் சொன்னாள். ஒற்றை ஆள் கனம் போதாது, கேரியரில் ஆள் வேண்டும் என்றாள். உடனே அம்மா அண்ணனுடைய குட்டி சைக்கிளின் பின்னால் ஏறினாள், அது போட்ட சத்தத்தில் அத்தனை பேரும் சிரித்தார்கள். கூட்டாளியின் அம்மா ஒருத்தியின் பின்னால் ஏறினாள். மணி அடிக்கிற அப்பா இன்னொருத்தியின் பின்னால் ஏறினார். என் கேரியர்தான் காலியாக இருந்தது. கூட்டாளியைச் சுளுக்கிய கையோடு ஏற்ற முடியாது.

நான் நைனாவின் முன்னால் போய் நிறுத்தினேன். உட்காரச் சொன்னேன். அவர் பின்வாங்கினார். நான் உட்கார்ந்தால் டயர் வெடித்துவிடும் என்றார், வேட்டி மாட்டிக்கொள்ளும் என்றார், கட்டைப் புரட்டிவிட ஆள் வேண்டாமா என்றார். கடைசியில் மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "நான் சைக்கிள்ல குந்துனதே இல்லம்மா" என்றார்.

எனக்கு அதுவரை அது தெரியாது. எங்கே போனாலும் அவர் நடந்துதான் போவார். நடப்பது அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்திருந்தேன். வேட்டியை மடித்துக் கட்டச் சொன்னேன். சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியைக் காட்டி, அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ஏறி உட்கார்ந்தபோது சைக்கிள் ஒரு ஆட்டம் ஆடியது, நானும் அவரும் சேர்ந்தே கத்தினோம்.

முதல் சுற்றில் கண்ணைத் திறக்கவில்லை என்று அம்மா பிற்பாடு சொன்னாள். ரெண்டாவது சுற்றில் திருப்பத்தில் பிரேக் புடி, பிரேக் புடி என்றார். பிடித்துக் காட்டினேன். அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தார். முன் பிரேக் எது, பின் பிரேக் எது, லாரி வந்தால் எப்படித் தெரியும், மண்ணில் இறங்கினால் சறுக்காதா. மிதித்துக்கொண்டே பதில் சொன்னேன். மூச்சு வாங்கியது. எங்களுக்குக் கீழே கொள்ளுக் காய்கள் பொரி பொரிகிற மாதிரி வெடித்துக்கொண்டிருந்தன. அவர் அதைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக முன் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

மத்தியானத்துக்குள் ஒரு கட்டு முடிந்தது. நைனாவே போய் அடுத்த கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். பொழுது சாய்வதற்குள் எங்களுக்குக் கால் மரத்துவிட்டது. லாரி ஒரு மணியில் செய்கிற வேலையை நாங்கள் ஒரு நாள் முழுக்கச் செய்தோம், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் தூற்றி எடுத்தபோது கொள்ளு முழுசு முழுசாக, பழுப்பாகப் பளபளவென்று இருந்தது. பாதி உடைந்தது இல்லை, ஜல்லிக்கல் இல்லை. அன்று வைத்த கொள்ளு ரசத்தைக் குடித்துவிட்டு எல்லோரும் இன்னொரு டம்ளர் கேட்டோம். அதுவரை நாங்கள் தின்ற கொள்ளில் டீசல் வாசனை இருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் தரையைப் பெருக்கிக் கொடுத்தோம். பாஸ்டர் ஐயா செருப்பில்லாமல் நடந்து பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார். அடுத்த வருடம் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு அங்கே போட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு அது திருவிழா ஆகிவிட்டது. கொஞ்ச வருடம் அப்படி ஓடியது, அப்புறம் அடிக்கிற மெஷின் வந்துவிட்டது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமையைச் சொல்லவில்லையே. சைக்கிளைப் பற்றி நைனா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்டு இல்லை என்று வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். காலையில் குளித்து, பையை மாட்டிக்கொண்டு, சைக்கிளை வெளியே தள்ளினேன். அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நானும் இருந்தேன். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வந்து கேரியரைத் தட்டிப் பார்த்தார்.

"ரோடு வரைக்கும் என்னையும் ஏத்திகினு போ. நீ போற வழிய நான் பாக்கணும்" என்றார்.

ஏற்றிக்கொண்டேன். எங்கள் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்குப் போக வேண்டும் என்றால் பெரிய தெரு வழியாகத்தான் போக வேண்டும். நான் தினமும் போகிற வழிதான். தெரு முனை வந்ததும் நைனா என் முதுகைத் தட்டினார்.

"நிறுத்து. நான் எறங்கிக்கிறேன்."

முதலில் எனக்குப் புரியவில்லை. அவருடைய காலைப் பார்த்தேன். தரையைத் தேடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவருடைய நைனா காலத்தில் எங்கள் தெரு ஆட்கள் அந்தத் தெருவில் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அப்படித் தள்ளுவதற்கு எதற்கு ஒரு சைக்கிள் என்றுதான் அந்தத் தலைமுறையில் எங்கள் வீட்டில் யாரும் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. அந்தக் கட்டுப்பாடு போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. நைனாவுக்குத்தான் இறங்கிப் பார்ப்பதற்குக்கூட அதுவரை ஒரு சைக்கிள் இருந்ததில்லை.

நான் பிரேக்கைத் தொடவில்லை. "கெட்டியா புடிச்சிகினு உக்காரு நைனா" என்று சொல்லிவிட்டு மிதித்தேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், திரும்பி டீயைக் குடித்தார்கள். களத்துக்காரர் வீட்டு வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த அம்மாள் ஓரமாக ஒதுங்கி வழி விட்டாள். என் சீட்டுக்குக் கீழே அவர் கை கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தது எனக்குத் தெரிந்தது.

கடைசி வீட்டைத் தாண்டியதும், "இன்னும் கொஞ்சம் வேகமா போயேன்" என்றார்.